யாழ்ப்பாணத்தில் கூட்டாளிமாரோடு கடைச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ் நகரத்திலும் நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில் பக்கங்களிலும் நாலைந்து பேராகச் சேர்ந்து, கையைக் கடிக்காமல் வெளியில் சாப்பிட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரிய ஹோட்டல்கள் இதில் இல்லை. விலைகள் அடிக்கடி மாறுவதால் விலைப்பட்டியலும் இல்லை. எதற்குத் தனிக்காசு, எது சும்மா வரும், எதைக் கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்பவை இருக்கின்றன.

எந்தக் கடை நல்லது?

எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதைச் சொன்னால்தான் இதற்குப் பதில் சொல்லலாம். இங்கே சாதாரண சாப்பாட்டுக்கடை ஒன்று ஒரே கூரைக்குக் கீழே நாலு கடை மாதிரி. காலை 6.30 முதல் 9 வரை இடியப்பம், புட்டு, தோசை, பாண். 11.30க்குச் சோறும் கறியும் இறங்கும். 2 மணியோடு அது முடிந்த மாதிரித்தான். பின்னேரம் 3.30க்குப் பிறகு றோல்ஸ், வடை, தேத்தண்ணி. 6.30 போலத் தகடு சூடாகும். அதற்குப் பிறகு கொத்து, வீச்சு ரொட்டி, அப்பம். காலையில் அருமையான புட்டுத் தருகிற கடை இரவில் மோசமான கொத்துப் போடலாம். இரண்டையும் செய்கிற கைகள் வேறு வேறு. யாராவது "அந்தக் கடை நல்லம்" என்றால், "என்ன சாப்பிட்டனீங்கள், எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வையுங்கள்.

ஏமாற்றம் வருவது இடைநேரங்களில். காலை 10 மணிக்குக் கிடைக்கும் புட்டு ஆறி, மேலே காய்ந்து, தொண்டையில் இறங்காது. 2.30க்குப் போனால் மரக்கறிகளில் இரண்டு முடிந்திருக்கும், சொதி தண்ணியாகியிருக்கும். 5 மணிக்கே கொத்துக் கேட்டால் சில கடைகள் மத்தியானம் மிஞ்சிய ரொட்டியில் போட்டுத் தருவார்கள். கூட்டாக வருகிறவர்களில் ஒருவராவது அரை மணி பிந்துவது வழக்கம். அதனால் மத்தியானச் சாப்பாடு என்றால் 12.15க்கு என்று சொல்லி வையுங்கள். 12.45க்காவது எல்லோரும் உட்கார்ந்துவிடலாம்.

காலைச் சாப்பாட்டுக்கு எப்படிக் காசு கணக்குப் பார்ப்பார்கள்?

இடியப்பமும் தோசையும் அப்பமும் எண்ணிக்கைக்கு, புட்டு குழலுக்கு. வீட்டில் நீத்துப்பெட்டியில் அவித்துக் கொட்டுகிற புட்டைக் கடையில் எதிர்பார்க்க வேண்டாம். சொதியும் சம்பலும் பெரும்பாலும் சும்மா வரும். பருப்புக்கறி சில கடைகளில் சும்மா, சிலவற்றில் காசு. மீன்குழம்பு, இறைச்சிக் குழம்புக்குக் கட்டாயம் காசு. நாலு பேருக்கு இடியப்பத் தட்டை நடுவில் வைத்துவிட்டுப் போவார்கள். கடைசியில் "எத்தனை எடுத்தனீங்கள்?" என்று கேட்கும்போது நாலு பேரும் நாலு கணக்குச் சொல்வீர்கள். தட்டு வந்தவுடனேயே எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டால், மிச்சத்தைக் கழித்தால் போதும்.

இடியப்பத்தில் சிவப்பு, வெள்ளை இரண்டும் கேட்டுப் பார்க்கலாம். சிவப்பு அரிசிமா இடியப்பம் ஆறினால் விறைத்துவிடும். சுடச்சுட இல்லையென்றால் வெள்ளை இடியப்பம் பரவாயில்லை. தோசை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வெந்தயம் போட்டு அரைத்து, மஞ்சள் சேர்த்து, செத்தல் மிளகாய், சீரகம், கறிவேப்பிலை தாளித்து மாவுக்குள்ளேயே கொட்டிச் சுடுகிற யாழ்ப்பாணத் தோசை வேறு, மெல்லிய, மொறுமொறு இந்திய முறைத் தோசை வேறு. நகரத்துச் சைவக் கடைகளில் இப்போது இரண்டாவதுதான் கூடுதல்.

மத்தியானச் சோற்றுக்கு ஒரு கோப்பைக் காசு குடுத்தால் திரும்பப் போடுவார்களா?

இருந்து சாப்பிட்டால் போடுவார்கள். மறு சோறு, மறு மரக்கறி, குழம்பு, சொதி எல்லாம் அந்த ஒரு விலைக்குள் அடங்கும். அடங்காதவை மீன் துண்டு, பொரித்த மீன், இறைச்சி, கணவாய், முட்டை. பழைய முறைக் கடைகளில் இவற்றைச் சின்னத் தட்டுகளில் கேட்காமலே மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். அது உபசாரமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. தொட்டதற்கு மட்டும் காசு, தொடாதது திரும்பிப் போகும். வேண்டாமென்றால் "இதை எடுங்கோ தம்பி" என்று முதலே சொல்லிவிடுங்கள். பேச்சு வாக்கில் யாராவது ஒருவர் பொரியலில் ஒரு ஓரத்தைக் கிள்ளினால் முழுத் தட்டும் உங்கள் கணக்கு.

மீன்குழம்பு மட்டும் போதும், துண்டு வேண்டாம் என்பவர்கள் அதைச் சொல்லலாம். வெறுங்குழம்புக்குக் காசு எடுக்கிற கடை மிகக் குறைவு. சோறு போடும்போதே சிவப்பு நாட்டரிசியா வெள்ளைச் சம்பாவா என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். சொதி கடைசிச் சோற்றுக்கு. முதல் சோற்றிலேயே சொதியை ஊற்றினால் மற்றக் கறிகளின் உறைப்பும் புளிப்பும் நாக்கில் ஏறாது.

வாழையிலையில் சாப்பிட எங்கே போகலாம்?

பெரியகடைப் பக்கம், பஸ் நிலையத்திலிருந்து நடை தூரத்தில் மலாயன் கபே இருக்கிறது. பழைய சைவக் கடை. பளிங்குக்கல் மேசை, கண்ணாடி போட்ட மர அலுமாரி, சுவரில் சாமிப் படங்கள். சாப்பிட்டு முடிந்ததும் இலையை மடித்து நீங்களே எடுத்துப்போய் அதற்கென்று வைத்திருக்கும் துவாரத்துக்குள் போட வேண்டும். முதல்முறை போகிறவர்கள் இலையை மேசையில் விட்டுவிட்டு எழும்பி, பிறகு முழிப்பார்கள். மத்தியானம் கூட்டம் கூடினால் தெரியாத ஆட்களோடும் ஒரே மேசையில் இருக்க வேண்டி வரும்; ஆறு பேரும் ஒன்றாக இருக்க ஆசைப்பட்டால் 12 மணிக்கு முதல் போய்விடுங்கள்.

றோல்ஸ், பற்றிஸ் எல்லாம் ஒரு தட்டில் குவித்துக் கொண்டுவந்து வைக்கிறார்களே, அத்தனைக்கும் காசா?

இல்லை. எடுத்ததற்கு மட்டும். ஆறு பேர் இருந்தால் பத்துப் பன்னிரண்டு உருப்படி வரும்; மிச்சம் கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பிப் போகும். அப்படித் திரும்பிப் போனதுதான் முதல் மேசையிலிருந்து உங்களுக்கும் வந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதனால் கையால் தொட்டுச் சூடு பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். மற்றவர்கள் விடமாட்டார்கள் என்று நினைத்தால், தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு "மட்டன் றோல்ஸ் நாலு, கடலை வடை இரண்டு" என்று பெட்டிக்குள்ளிருந்து இடுக்கியால் எடுத்துத் தரச் சொல்லலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

உருவத்தைப் பார்த்து உள்ளே என்ன என்று ஓரளவு சொல்லலாம். நீட்டு உருளையாய் ரஸ்க் தூள் ஒட்டியிருந்தால் றோல்ஸ். உள்ளே உருளைக்கிழங்கோடு மட்டன், மீன் அல்லது மரக்கறி. அரைவட்டம் பற்றிஸ். உருண்டை கட்லட், அது பெரும்பாலும் மீன். முக்கோண ரொட்டி மட்டும் நம்பக் கூடாது: மரக்கறியும் மீனும் ஒரே மடிப்பில்தான் வரும். கேட்டுவிட்டுக் கடியுங்கள்.

றோல்ஸின் தரத்தை மேல்தோல் சொல்லும். இறக்கி அரை மணிக்குள் என்றால் விரலால் அமத்தும்போது மேல் ஓடு நொறுங்கும், கீழே வைத்த கடதாசியில் எண்ணெய் வட்டம் சின்னதாக இருக்கும். காலையில் பொரித்ததைப் பின்னேரம் திரும்ப எண்ணெயில் போட்டிருந்தால் வெளியே கருஞ்சிவப்பு, நடுவில் கிழங்கு குளிர்ச்சி. பிய்த்துப் பார்த்து நடு குளிராக இருந்தால் சாப்பிடாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

எங்களில் இரண்டு பேர் சைவம், ஒருவர் வெள்ளிக்கிழமை விரதம். எல்லோரும் ஒரே கடையில் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். ஆனால் மச்சக் கடையில் "மரக்கறி" என்று எழுதியிருப்பது எல்லாம் சைவம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிசகுகிற இடங்கள் எப்போதும் ஒன்றுதான். தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருக்கலாம். சீனிச் சம்பலில் மாசி இருப்பது அதைவிடச் சாத்தியம். சொதியில் மீன்தலை விழுந்திருக்கலாம். மரக்கறி றோல்ஸ் மட்டன் றோல்ஸ் பொரித்த அதே எண்ணெயில் பொரியும். சில இடங்களில் ரஸ்க் தூள் ஒட்டுவதற்கு முட்டையில் தோய்ப்பார்கள். மரக்கறிக் கொத்து, ஐந்து நிமிடத்துக்கு முன் மாட்டிறைச்சி கொத்திய அதே தகட்டில், அதே தகடுகளால் கொத்தப்படும். முட்டை வேண்டாமென்று சொல்லாவிட்டால் முட்டையும் விழும்.

கேட்கும் முறையில்தான் விஷயம். "இது மரக்கறியோ?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். "அண்ணை, சம்பலுக்குள்ள மாசி போட்டதோ?" என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், நேரான பதில் கிடைக்கும்.

சைவமாக இருப்பவர் பழக்கத்துக்காக மட்டும் சைவம் என்றால் மச்சக் கடையில் தோசையோ வெறும் அப்பமோ எடுத்துச் சமாளிக்கலாம். விரதகாரருக்கு அது சரிவராது. அப்படியானால் எல்லோருமே சைவக் கடைக்குப் போவது நல்லம். ஒரு நேரம் இறைச்சி இல்லாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் குறையாது, ஆனால் விரதகாரர் ஒருவர் வெறும் பிளேன்ரீயோடு மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மேசையில் பேச்சே எழும்பாது. மாட்டிறைச்சி விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். "இறைச்சிக் கொத்து" என்று மட்டும் எழுதியிருந்தால் ஆடா மாடா என்று கேளுங்கள். ஐந்து சந்திப் பக்கத்து முஸ்லிம் கடைகளில் மாட்டுக் கொத்துக்குப் பேர் போன இடங்கள் உண்டு. கூட்டத்தில் மாடு சாப்பிடாதவர் இருந்தால் முதலே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

கொத்து எடுத்தால் சில நாள் களியாய் வருகிறது, சில நாள் காய்ந்து வருகிறது. ஏன்?

தகட்டுக்கு முன்னால் நின்று பார்த்தால் விளங்கும். எண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை முதலில். வெங்காயம் வாடியதும் லீக்ஸ், கோவா, கரட். அதை ஒரு பக்கம் ஒதுக்கி, வெறுந்தகட்டில் முட்டையை உடைத்து ஊற்றி, அது பாதி இறுகியதும் கொத்தி மரக்கறியோடு சேர்ப்பார்கள். அதன்மேல் கீலம் கீலமாக வெட்டிய ரொட்டி. இறைச்சியும் குழம்பும் கடைசியில். குழம்பு விழுந்த பிறகு தகடு இரண்டும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது. ரொட்டி குழம்பைக் குடித்துக்கொண்டே கொத்துப்பட்டால் துண்டு துண்டாக நிற்காது, மாவாகிவிடும். களிக்கொத்துக்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் நீங்கள். ஆறு கொத்தை ஒரே தரத்தில் கேட்டால் ஆறையும் ஒரே குவியலாகப் போடுவார்கள். குவியல் உயர்ந்தால் சூடு மேலே ஏறாது. மரக்கறி வதங்காமல் தண்ணி விடும், முட்டை வேகாமல் ரொட்டியில் பூசுப்படும், இறைச்சி ஒரு கோப்பைக்குக் கூடவும் ஒன்றுக்குக் குறையவும் விழும். "இரண்டிரண்டாப் போடுங்கோ" என்று சொன்னால் பத்து நிமிடம் கூடப் போகும், சாப்பாடு வேறாக இருக்கும். ரொட்டி சுட்ட நேரமும் முக்கியம். கல்லிலிருந்து இறக்கிய சூட்டோடு வெட்டினால் ஒட்டும். ஓரளவு ஆறியது நல்லாய் வெட்டுப்படும். மத்தியானத்து ரொட்டி காய்ந்து, எவ்வளவு குழம்பு விட்டாலும் ஓரம் விறைப்பாகவே நிற்கும்.

உறைப்புக் குறைய வேண்டுமென்றால் பச்சை மிளகாய் தகட்டில் விழ முதல் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் அவர் தலையாட்டுவார், உறைப்பு அப்படியே இருக்கும். குழம்பிலேயே உப்பும் யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூளும் இருப்பதால், "குழம்பு கூட" என்று கேட்பவருக்கு உப்பும் உறைப்பும் சேர்ந்தே கூடும். குழம்பைத் தனியக் கோப்பையில் கேட்பதுதான் புத்தி.

புட்டுக் கொத்து குழம்பை ஒரேயடியாக உறிஞ்சிவிடும். காய்வாகப் பிடிக்கிறவர்களுக்கு ஏற்றது. இடியப்பக் கொத்தைப் பார்சல் எடுக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் ஒட்டிக் கட்டியாகும்.

ஆறு பேருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்?

ஆளுக்கு ஒரு ஃபுல் சொல்லாதீர்கள். ஒரு ஃபுல் கொத்தில் இரண்டு மூன்று ரொட்டி போகும். ஃபிறைட் றைஸ் ஃபுல் ஒன்று சாதாரணமாக இரண்டு பேருக்குத் தாராளம். ஆறு பேருக்கு மூன்று ஃபுல் கொத்து, ஒரு கோழிப் பிரட்டல், ஆறு அப்பம் என்று தொடங்கலாம். விளையாட்டு முடிந்து பசியோடு வருகிற பெடியள் என்றால் நாலு ஃபுல். கொத்து ஐந்து ஏழு நிமிடத்தில் வந்துவிடும் சாமான். குறைந்தால் திரும்பச் சொல்லலாம், கூடினால் திருப்பிக் குடுக்க முடியாது. அப்பத்தைக் கடைசியில் சொல்லுங்கள். அது தாச்சியிலிருந்து நேரே கோப்பைக்கு வர வேண்டியது. ஓரம் மொறுமொறுப்பு ஐந்து நிமிடம் தாங்காது.

எந்த நாட்களில் திட்டம் போடக் கூடாது?

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். அந்தக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விட மாட்டார்கள். தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கூட்டாளிமாரில் பாதிப்பேர் மச்சம் தொடமாட்டார்கள், சுற்றுவட்டாரக் கடைகள் பலவும் சைவத்துக்கு மாறியிருக்கும். அந்த 25 நாளும் பிறந்தநாள் கொத்துப் பார்ட்டி வைப்பதை மறந்துவிடுங்கள். சைவச் சாப்பாடும் ஐஸ்கிறீமும் என்றால் அதைவிட நல்ல காலம் இல்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் அப்படித்தான். சாதாரண கிழமையில் செவ்வாயும் வெள்ளியும் பலர் மச்சம் சாப்பிடாத நாட்கள். நாலுக்கு மேற்பட்ட ஆட்களுக்கு அந்த நாட்களில் பொதுவான சாப்பாடு பார்ப்பது கஷ்டம்.

போயா நாளில் நாடு முழுக்க மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு. சாப்பாட்டுக்கடை திறந்திருக்கும், ஆனால் அன்றைய ஆட்டிறைச்சி முதல்நாள் வாங்கி வைத்தது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் கடைகள் பகலில் ஓய்ந்து, நோன்பு துறந்த பிறகு களைகட்டும்.

நண்டு, கூழ் எல்லாம் சாதாரண கடையில் கிடைக்குமா? விலை தாங்குமா?

நண்டுக்கறி கிடைக்கும். விலை மற்றக் கறிகளைப்போல் நிலையாக இராது. பாசையூர், குருநகர் மீன் சந்தைகளில் காலையில் என்ன விலைக்குப் போனதோ அதைப் பார்த்துத்தான் கடைவிலை. "ஒரு கோப்பை என்ன விலை, அதில எத்தனை நண்டு?" என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டால் மற்றதில் அடிபடும். கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பலர் தொழிலுக்குப் போவதில்லை. அதனால் ஞாயிறு இரவு, திங்கள் மத்தியானம் கடலுணவுக்கு ஆசைப்பட வேண்டாம். நிலவு காலத்து நண்டில் சதை இராது என்பது ஊர்ப் பேச்சு. தூக்கிப் பார்த்துப் பாரமாக இருப்பதை எடுப்பதுதான் சந்தையில் எல்லோரும் செய்வது. கடையில் அதற்கு வழியில்லை, சமைத்தவரை நம்ப வேண்டியதுதான். ஒன்று மட்டும்: நல்ல உடுப்போடு நண்டு சாப்பிட உட்காராதீர்கள். கறித்தூளும் மஞ்சளும் வெள்ளைச் சேட்டில் விழுந்தால் போகாது.

ஒடியல் கூழ் வேறு கதை. ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவோடு மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, செத்தல் மிளகாய், புளி என்று ஒரு சந்தையே இறங்குகிற பானை அது. தினமும் போடுகிற சாதாரண கடை குறைவு. பத்துப் பேர் சேர்ந்து முதல்நாளே சொல்லிவைத்தால் செய்து தருகிற இடங்கள் உண்டு. சொல்லும்போதே மீன் என்ன, நண்டு போடுகிறதா என்று பேசிக்கொள்ளுங்கள். கூழ் கசந்தால் ஒடியல் மாவை ஊறவிட்டுத் தண்ணி மாற்றவில்லை என்று அர்த்தம். கட்டி கட்டியாக வந்தால் மாவைத் தனியக் கரைக்காமல் கொதிப்பில் கொட்டியிருக்கிறார்கள். ஆறினால் இறுகும், ஆகவே பனையோலைப் பிளாவில் வார்த்த சூட்டோடு குடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு பிளா குடித்தால் அதற்குமேல் வேறு சாப்பாடு தேவைப்படாது. "கூழோட நாலு கொத்தும்" என்று சொல்லி வீணாக்க வேண்டாம்.

கம்பஸ் பிள்ளைகளுக்கு மலிவாக எங்கே?

யாழ் பல்கலைக்கழகத்தைச் சுற்றி, திருநெல்வேலிச் சந்திப் பக்கம் சின்னக் கடைகள் நிறைய. பெண்கள் நடத்துகிற அம்மாச்சி உணவகம் அங்கே இருக்கிறது. தெற்கில் 'ஹெல போஜுன்' என்ற பெயரில் விவசாயத் திணைக்களம் நடத்துகிற அதே முறைதான். முழுக்கச் சைவம். தோசை, வடை, கொழுக்கட்டை, குரக்கன் பலகாரங்கள், இலைக்கஞ்சி எல்லாம் கண்ணுக்கு முன்னால் சுட்டுத் தருவார்கள். நீங்களே எடுத்து வந்து சாப்பிட வேண்டும், மேசைக்கு வர மாட்டார்கள். பின்னேரம் கூட்டம் அள்ளும். ஒருவர் இடம் பிடிக்க, இருவர் வரிசையில் நிற்பதுதான் நடைமுறை. இருந்து இரண்டு மணித்தியாலம் கதைக்கிற இடம் அது இல்லை.

இருந்து கதைக்க எது நல்லது?

நல்லூர்ப் பக்கத்து ஐஸ்கிறீம் கடைகள். றியோவும் ராஜாவும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். பின்னேரம் 4 முதல் 5.30 வரை போனால் மேசை கிடைக்கும். இரவு 7க்குப் பிறகு குடும்பங்கள் நிரம்பிவிடும். பழம், ஜெலி, கச்சான், வேஃபர் எல்லாம் போட்டு உயரக் கிளாசில் வருகிற 'ஸ்பெஷல்' வகைகளில் ஒன்றை இரண்டு பேர் பங்கு போடலாம், கூச்சப்படாமல் இரண்டு கரண்டி கேளுங்கள். பெண்பிள்ளைகள் மட்டுமாகச் சேர்ந்து போவதற்கும் இந்தக் கடைகள்தான் முதலில் வசதிப்பட்டவை. இப்போது ஆஸ்பத்திரி வீதி, ஸ்ரான்லி வீதிப் பக்கத்து உணவகங்களிலும் அது சாதாரணம்.

தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்ரீயோடு ஒரு மணித்தியாலம் இருப்பது காலை, பின்னேரக் கூட்ட நேரத்தில் முறையில்லை. மற்ற நேரம் யாரும் எழுப்ப மாட்டார்கள். சீனி எவ்வளவு என்று முதலே சொல்லாவிட்டால் கிளாசின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கிடக்கும். பால்ரீ பெரும்பாலும் பால்மாவில் அடிப்பது.

தண்ணி குடிக்கலாமா? வயிற்றுக்குப் பயமில்லையா?

இங்கே நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு கூட. பிளேன்ரீயின் மேல் மெல்லிய ஆடை போல ஒன்று படர்வது அதனால்தான், அழுக்கு இல்லை. பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததற்கு. நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் தண்ணியாலும் கழுவாத கையாலும் பரவுகிறவை. மேசையிலுள்ள யக்குத் தண்ணி கொதித்தாறியதா, வடிகட்டியதா என்று கேளுங்கள். சந்தேகமென்றால் சுடுதண்ணி கேளுங்கள், பெரும்பாலான கடைகள் தரும். போத்தல் தண்ணி வாங்கினால் மூடி உடையாமல் இருக்கிறதா பாருங்கள். சர்பத், ஜூஸ் குடிக்கும்போது ஐஸ் எங்கே செய்தது என்பதும் கேள்விதான்.

தேங்காய் சேர்ந்த சாமான்கள்தான் முதலில் கெடும். காலையில் இடித்த சம்பலை இரவு 8 மணிக்கு வைத்தால் மணந்து பாருங்கள்; லேசான புளிமணம் வந்தால் ஒதுக்குங்கள். சொதியில் நுரை நின்றாலும் அப்படியே. கொத்தும் அப்பமும் கண்ணுக்கு முன்னால் சூட்டில் ஆகிறவை. வெயிற்காலத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு அவை பாதுகாப்பு.

பில் வந்த பிறகு எப்படிப் பிரிப்பது? கார்ட் எடுப்பார்களா?

சின்னக் கடைகளில் காசுதான். சிலவற்றில் கியூ.ஆர் அட்டை தொங்கும், ஆனால் சிக்னல் இல்லாத நேரம் உண்டு. காலை வேளையில் தேத்தண்ணிக் கடையில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள். மாற்றித் தர அவர்களிடம் இராது, பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டி வரும்.

குளிரூட்டிய உணவகங்களில் 10% சேவிஸ் சார்ஜ் சேரும். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18%. அதற்குப் பதிந்த பெரிய இடங்களில்தான் பில்லில் அது வரும். மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சாப்பாடு சொல்ல முதல் பாருங்கள். சேவிஸ் சார்ஜ் எடுத்த இடத்தில் தனியாக டிப்ஸ் வைக்கும் கட்டாயம் இல்லை.

ஒரு கணக்கு: ஆறு பேர், சாப்பாடு 5,400 ரூபாய், சேவிஸ் சார்ஜ் 540, மொத்தம் 5,940. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 990. ஆனால் அதில் 1,800 ரூபாய்க்கு ஆட்டிறைச்சி வந்து, அதை மூன்று பேர்தான் சாப்பிட்டார்கள் என்றால் சமப் பங்கு நியாயமில்லை. 1,800ஐ மூன்றால் பிரித்தால் 600. மிச்சம் 3,600ஐ ஆறால் பிரித்தால் 600. இறைச்சி சாப்பிட்டவர் 1,200, மற்றவர் 600. 10% சேர்த்தால் 1,320ம் 660ம். சைவக் கூட்டாளி வாய் திறந்து கேட்க மாட்டார். இறைச்சி சாப்பிட்டவரே இந்தக் கணக்கை எடுத்துப் போடட்டும். யாராவது "நான் குடுக்கிறன்" என்று கவுண்டருக்கு ஓடினால், அடுத்த முறை யார் என்று அப்போதே பேசி முடிவெடுங்கள். ஒரே ஆள் ஒவ்வொரு முறையும் குடுக்கிற கூட்டம் நாலாவது முறை சேராது.

விலை கூட எடுத்தால் என்ன செய்யலாம்?

முதலில் பில்லைக் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்ன மொத்தத்தில் மேசை மாறிய கணக்கு வருவது அடிக்கடி நடப்பது, வேண்டுமென்று செய்வதில்லை. போத்தல் தண்ணி, சோடா போன்றவற்றில் அச்சிட்ட அதிகூடிய சில்லறை விலைக்கு மேல் எடுப்பது குற்றம். குளிரூட்டியதற்கென்று பத்து ரூபாய் கூட்டுவதும் அதற்குள் அடங்கும். சொல்லியும் கேட்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். சாப்பாடு பழுதென்றால் அது அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை.

இரவில் எத்தனை மணி வரை இருக்கலாம்? திரும்பிப் போவது எப்படி?

வெள்ளன அடங்குகிற ஊர் இது. கொத்துக் கடைகள் 10 மணி போல அடுப்பை இறக்கத் தொடங்கும், 9.30க்குப் பிறகு போனால் ரொட்டி முடிந்துவிட்டது என்ற பதிலுக்கு ஆயத்தமாகப் போங்கள். ஊர்ப்பக்கத்து பஸ்கள் இரவு 7 மணிக்குப் பிறகு மிகக் குறைவு. சாவகச்சேரி, பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கூட்டத்தில் இருந்தால் இரவுச் சாப்பாட்டை விட்டுப் பின்னேரச் சிற்றுண்டிக்குச் சந்திப்பதுதான் நடக்கிற காரியம். ஓட்டோ என்றால் ஏற முதல் விலை பேசுங்கள்.

மிஞ்சியதைப் பார்சல் கட்டித் தருவார்களா?

தருவார்கள். இருந்து சாப்பிட்ட மறுசோற்றைக் கட்டித் தர மாட்டார்கள். அது இருந்து சாப்பிடுகிறவருக்கான விலை. காசு குடுத்து எடுத்த கொத்து, பிரட்டல், றோல்ஸ் எல்லாம் கட்டலாம். சுடுகறியை லஞ்ச் சீற்றில் நேரே ஊற்றாமல் தனிப் பெட்டியில் கேளுங்கள். வீட்டிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டி கொண்டு போனால் இன்னும் நல்லம். சொதியும் சம்பலும் பார்சலில் வேண்டாம், வீடு போய்ச் சேர முதல் கெட்டுவிடும். ஆட்டிறைச்சிப் பிரட்டல் மட்டும் இரவு குளிர்சாதனப் பெட்டியில் கிடந்து, அடுத்த நாள் காலை நல்லாய்ச் சூடாக்கிப் பாணோடு தொட்டால் கடையில் சாப்பிட்டதைவிட ருசிக்கும்.